சுவடி, அச்சு, குறுந்தகடு: இயங்குதள மாற்றங்களும் புதுச்சேரித் தேவாரப் பனுவலும்

ஆய்வுச்சுருக்கம்

கணினியின் இயங்குதளம் மாறும்போதும் இற்றைப்படுத்தப்படும்போதும் தமிழ்ப் பனுவல்களுக்கு நேரும் இடர்கள் பெரும்பாலும் தொழில்நுட்பத் தொல்லைகளாகவே பேசப்படுகின்றன. அவை பனுவல் கைமாறி வரும் வரலாற்றைச் சேர்ந்தவை என்பதும், ஏடு பெயர்த்தெழுதியோரிடம் நேர்ந்த பிழைகளோடு ஒப்பிட்டு ஆராயத்தக்கவை என்பதும் இக்கட்டுரையின் கருத்து. புதுச்சேரியில் அச்சாகவும் குறுந்தகடாகவும் வெளிவந்த தேவாரம் இதற்கு முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தேவாரம், புதுச்சேரி, இயங்குதளம், குறியேற்றம், ஒருங்குறி, பாடவேறுபாடு

ஒரு பனுவலின் வெவ்வேறு வாழ்நாள்கள்

புதுச்சேரியின் நிருவாகம் 1954 நவம்பர் 1ஆம் நாள் இந்திய ஒன்றியத்தின் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டு மார்ச் 21ஆம் நாள் ழான் ஃபிலியோசாவின் முயற்சியால் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தொடங்கப்பெற்றது. சைவச் சுவடிகளைத் தேடித் தொகுத்தல் அதன் தொடக்ககாலப் பணிகளுள் தலையாயது. அந்நிறுவனத்திடமும் தூரகிழக்குப் பிரெஞ்சுப் பள்ளியின் புதுச்சேரி மையத்திடமும் உள்ள ஏறத்தாழ 11,000 சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. கடற்காற்றின் ஈரத்திலும் பூச்சியிலும் இருந்து காக்க, ஓலைகளைத் துடைத்து எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவிப் பேணும் வழக்கம் அங்குண்டு. நல்ல பராமரிப்பில் ஓலை இரண்டு, மூன்று நூற்றாண்டுகள் நிற்கும். அதற்குள் பெயர்த்தெழுதிவிட வேண்டும் என்பது ஏடு வைத்திருந்தோர் அனைவரும் அறிந்த கணக்கு.

அதே இரு நிறுவனங்களின் வெளியீடாக, தி. வே. கோபாலையர் பதிப்பித்த தேவாரம் 1984, 1985, 1991 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வந்தது. பிரான்சுவா குரோ அதனோடு இணைந்து பணியாற்றினார். நாற்பது ஆண்டு கடந்த முதல் தொகுதியை இன்றும் நூலகத் தட்டிலிருந்து எடுத்து விரித்துப் படிக்கலாம். கட்டுத் தளர்ந்திருக்கலாம், எழுத்து அசையவில்லை.

2007இல் இந்நிறுவனங்கள் ‘கணினித் தேவாரம்’ என்னும் குறுந்தகட்டை வெளியிட்டன. வி. எம். சுப்பிரமணிய ஐயர், ழான்-லுக் செவியார், எஸ். ஏ. எஸ். சர்மா ஆகியோர் பெயரில், நிறுவனத்தின் இந்தியவியல் வரிசையில் 103ஆம் எண்ணோடு அது வந்தது. தேவார மூலம், அதன் முழுச் சொல்லடைவு, மறைந்த சுப்பிரமணிய ஐயர் செய்துவைத்த முழு ஆங்கில மொழிபெயர்ப்பு ஆகியன அதனுள் அடங்கின. ஒரு சொல்லைத் தட்டினால் அது பயிலும் இடங்களெல்லாம் நிரல்படத் தோன்றும் வசதியை எந்த அச்சு நூலும் தந்ததில்லை. ஆயினும் ஓர் அறிஞரின் வாழ்நாள் உழைப்பு வட்டத் தகடு ஒன்றை நம்பிப் படிப்போர் கைக்கு வந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. பத்தாண்டுக்குள் மடிக்கணினிகளிலிருந்து குறுந்தகட்டு இயக்கி மறையத் தொடங்கியது. தகடு நலமாக இருந்தும் அதை நுழைக்க வாயில் இல்லாத நிலை ஏற்பட்டது. நிறுவனம் இதனைப் பின்னர் இணையத்திலும் ஏற்றிவைத்ததால் பனுவல் பிழைத்தது. தில்லையில் பூட்டிய அறைக்குள் செல்லரித்துக் கிடந்த ஏடுகளை இராசராசனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டனர் என்ற மரபுவழிச் செய்தியை அறிந்தவர்க்கு இந்நிகழ்ச்சி புதிதாகத் தோன்றாது. அங்குக் கறையான் ஓலையை அரித்தது. இங்குத் தகடு முழுமையாக இருக்க, அதைப் படிக்கும் பொறி அகன்றது.

ஊடகத்தின் அழிவைப் பற்றி நூலகத் துறையினர் நிறையவே எழுதியுள்ளனர். தமிழ்ப் பனுவலுக்கு உரிய சிக்கல் அதனினும் நுட்பமானது. ஆங்கிலக் கோப்பு ஒன்றைப் புதிய கணினி திறந்துவிட்டால் அதன் எழுத்துகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஒருங்குறிக்கு முற்பட்ட தமிழ்க் கோப்பு திறந்த பின்னரும் தமிழாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

எழுத்து எங்கே இருந்தது?

1980களின் நடுப்பகுதி முதல் 1990களின் இறுதிவரை தமிழைக் கணினியில் எழுதியோர் அனைவரும் ஏதேனும் ஓர் எழுத்துருவைச் சார்ந்தே எழுதினர். கணினியின் எட்டுத் துண்மிக் குறியேற்றத்தில் 256 இடங்களே உண்டு. அவற்றுள் முதற்பாதி உரோமன் எழுத்துக்கும் எண்ணுக்கும் உரியது. எஞ்சிய இடங்களில் எந்தத் தமிழ் வடிவத்தை எங்கே வைப்பது என்பதை எழுத்துரு செய்தவரே முடிவுசெய்தார். சிலர் உரோமன் எழுத்துகளின் இடத்தையே எடுத்துக்கொண்டனர். பாமினி எழுத்துருவில் எழுதிய ‘தமிழ்’ என்னும் சொல் கோப்புக்குள் நான்கு உரோமன் எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே பதிவாகியிருக்கும். கோப்பில் தமிழ் இல்லை. இயங்குதளத்தின் எழுத்துருத் தொகுப்பில்தான் தமிழ் இருந்தது. இயங்குதளத்தைப் புதிதாக நிறுவும்போது அந்த எழுத்துரு விடுபட்டால் ஆய்வேடு முழுவதும் பொருளற்ற உரோமன் குறிகளாகிவிடும். அன்று முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு தட்டச்சிட்டவர்கள் நெகிழ்வட்டில் கோப்போடு எழுத்துருவையும் சேர்த்து எடுத்துச் சென்றதற்குக் காரணம் இதுவே.

இக்குழப்பத்தைக் களையப் பொதுக் குறியேற்றங்கள் வகுக்கப்பட்டன. இணையவழிக் கலந்துரையாடலில் ‘தகுதரம்’ உருவாயிற்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டை அடுத்து ‘தாப்’, ‘தாம்’ என்னும் இரு குறியேற்றங்களும் ‘தமிழ்99’ விசைப்பலகையும் தமிழ்நாட்டரசின் ஏற்பைப் பெற்றன. பொதுத்தரம் வந்தும் இயங்குதளத்தின் பிடி விடவில்லை. இதற்குத் தகுதரத்தின் ‘இ’ எழுத்துக்கு நேர்ந்தது நல்ல சான்று. தொடக்கத்தில் அது 173ஆம் இடத்தில் வைக்கப்பட்டது. ஐரோப்பியக் குறியேற்றத்தில் அவ்விடம் வரியிறுதியில் சொல்லை முறிக்க நேரும்போது மட்டும் தோன்ற வேண்டிய இணைப்புக்கோட்டுக்கு உரியது. அதை அறிந்த மென்பொருள்கள் வரியின் நடுவில் அக்குறியைக் காட்டாது மறைத்தன. எழுதியவர் ‘இ’ என்று எழுத, படிப்பவர் திரையில் அவ்விடம் வெறுமையாக இருந்தது. தகுதரத்தின் 1.7ஆம் பதிப்பில் ‘இ’க்கு 254ஆம் இடம் மாற்றிடமாகத் தரப்பட்டது. இதன் விளைவாக ஒரே எழுத்துக்கு இரு குறிகள் வழக்கில் நின்றன. ஒன்றைத் தேடினால் மற்றொன்று அகப்படாது. உயிரெழுத்து ஒன்றின் இருப்பைத் தமிழறியாத நிரலொன்று முடிவுசெய்த இந்நிகழ்ச்சி தமிழ் எழுத்து வரலாற்றில் ஒரு பத்தியேனும் பெறத்தக்கது.

ஒருங்குறியும் மாற்றிகளின் பிழைகளும்

ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991இல் வந்தபோதே தமிழுக்கு அதில் இடமிருந்தது. அதைத் திரையில் முறையாகக் கோத்துக் காட்டும் இயங்குதளம் பரவலாகக் கிடைக்க ஏறத்தாழப் பத்தாண்டு ஆயிற்று. 2000 பிப்ரவரியில் வெளிவந்த விண்டோஸ் 2000 தமிழுக்கு ‘லதா’ எழுத்துருவோடு வந்தது. அடுத்த ஆண்டு வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் தமிழ் இருந்தும் அது தானாக இயங்கவில்லை. சிக்கல் எழுத்துகளுக்கான கோப்புகளை நிறுவும் தெரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போது கணினி நிறுவல் தகட்டைக் கேட்கும். தகடு கைவசம் இல்லாத இணைய மையங்களிலும் கல்லூரி ஆய்வகங்களிலும் ஒருங்குறித் தமிழ் உடைந்த உருவிலேயே தெரிந்தது. கொம்பு எழுத்துக்குப் பின்னும் புள்ளி எழுத்துக்கு வெளியிலும் நின்றன. ‘ஒருங்குறியில் தமிழ் சரியாக வராது’ என்ற எண்ணம் அறிஞரிடையே நெடுநாள் நிலவியதற்கு அந்த ஒரு தெரிவும் காரணம். 2007இல் வந்த விஸ்டாவில்தான் இத்தடை நீங்கியது.

அதற்குள் பழைய குறியேற்றங்களில் இருந்த பனுவல்களை ஒருங்குறிக்கு மாற்றும் பெரும்பணி தொடங்கிவிட்டது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களைத் தகுதரத்திலிருந்து ஒருங்குறிக்குக் கொண்டுவந்தது. தனியார் தொகுப்புகளும் ஆய்வாளரின் சொல்லடைவுகளும் அவ்வாறே மாற்றப்பட்டன. மாற்றம் மென்பொருளால் நடந்தது. இங்குதான் ஏடு பெயர்த்தெழுதுதலோடு ஒப்பிடத்தக்க நிலை எழுகிறது.

பழைய குறியேற்றங்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்தைச் சேமித்தன: முதலில் கொம்பு, பிறகு மெய், பிறகு கால். ஒருங்குறி ஒலிவரிசையில் சேமிக்கிறது: முதலில் மெய், பிறகு உயிர்க்குறி. மாற்றி நிரல் இவ்வரிசையை மாற்றியமைக்க வேண்டும். ஔகாரத்தில் அது தடுமாறியது. ஔகார உயிர்மெய்யின் பின்னுறுப்பும் ‘ள’ என்னும் எழுத்தும் ஒரே வடிவின. பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் ஒரே இடம்தான். கொம்பு, மெய், ‘ள’ என்னும் மூன்றையும் கண்ட நிரல் அதை ஔகாரமாகவும் கொள்ளலாம், எகர உயிர்மெய்யோடு ளகரமாகவும் கொள்ளலாம். எல்லாவற்றையும் ஔகாரமாகக் கொண்ட நிரல் ‘வெளியீடு’ என்பதை ‘வௌியீடு’ ஆக்கியது. மறுபுறம் சென்ற நிரல் ‘பௌவம்’ என்பதைப் ‘பெளவம்’ ஆக்கியது. திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலத் தோன்றுவதால் மெய்ப்புத் திருத்துவோர் கண்ணுக்கு அகப்படுவதில்லை. சொல்லடைவில் மட்டும் அவை வெவ்வேறு சொற்களாகப் பிரிந்து நிற்கும். ‘மௌவல்’ எத்தனை இடங்களில் பயில்கிறது என்று தேடும் ஆய்வாளர் குறைந்த எண்ணிக்கையைப் பெற்று, அதனை முடிவாக எழுதவும் கூடும்.

ஓலைச்சுவடியில் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபடுத்தப்படுவதில்லை. காலும் ரகரமும் ஒரே வடிவம். இவ்வையங்களால் தோன்றிய பாடவேறுபாடுகளைத் தீர்க்கவே பதிப்பாசிரியர்கள் யாப்பையும் பொருளையும் துணைக்கொண்டனர். புதுச்சேரியிலிருந்து தூரகிழக்குப் பிரெஞ்சுப் பள்ளி வழியே ஏவா வில்டன் வெளியிட்ட நற்றிணை (2008), குறுந்தொகை (2010) பதிப்புகளின் அடிக்குறிப்புகளில் இத்தகைய வேறுபாடுகள் சுவடிவாரியாகப் பதிவாகியுள்ளன. மாற்றி நிரலின் பிழையும் இதே இனத்தது: ஒரு வடிவம், இரு படிப்பு. எழுதுவோன் தன் மொழியறிவால் சில இடங்களிலேனும் சரியாகத் தேர்ந்தான். நிரலுக்கு அவ்வறிவு தரப்படவில்லை. மற்றொன்றும் உண்டு. எழுதுவோன் பிழை ஓர் ஏட்டில் ஓரிடத்தில் நிற்கும். நிரலின் பிழை ஒரே முறையில் நூல் முழுவதும் படியும். அதனால் அதனைக் கண்டறிந்துவிட்டால் திருத்துவதும் எளிது.

மாறிக்கொண்டே இருக்கும் தளம்

ஒருங்குறி நிலைபெற்றபின் இச்சிக்கல்கள் தீர்ந்தன என்று கருதுவதற்கு இடமுண்டு. எழுத்தளவில் அது பெரிதும் உண்மை. பக்கத்தளவில் உண்மையன்று. பல தமிழ் ஆய்வேடுகள் ‘லதா’ எழுத்துருவில் தட்டச்சிடப்பட்டன. விண்டோஸ் 8இல் ‘நிர்மலா’ என்னும் புதிய எழுத்துரு வந்தது. விண்டோஸ் 10இல் லதாவும் விஜயாவும் தமிழுக்கான கூடுதல் எழுத்துருக்கள் என்னும் விருப்பப் பிரிவுக்கு நகர்த்தப்பட்டன. தமிழ்மொழி சேர்க்கப்படாத கணினியில் பழைய ஆய்வேட்டைத் திறந்தால் வேறோர் எழுத்துரு அதன் இடத்தை நிரப்பும். எழுத்தின் அகலம் வேறாதலின் வரி முறியும் இடம் மாறுகிறது, பக்கம் மாறுகிறது. பொருளடக்கத்தில் கையால் இட்ட எண்கள் பொருந்தாமல் போகின்றன.

அச்சகங்களின் நிலை இதனினும் கடினம். 1990கள் முதல் தமிழ் நூல்களில் பெரும்பங்கு பேஜ்மேக்கர் மென்பொருளில், பழைய எழுத்துருக்களில் அடுக்கப்பட்டது. அம்மென்பொருள் ஏழாம் பதிப்போடு நின்றது. அதன் கோப்புகளைத் திறக்க வல்ல இன்டிசைன், 2012இல் வந்த ஆறாம் தொகுப்போடு அத்திறனைக் கைவிட்டது. ‘டைப் 1’ வகை எழுத்துருக்களுக்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2023 சனவரியில் முடித்துக்கொண்டது. எனவே ஒரு நூலின் மறுபதிப்புக்குப் பழைய மென்பொருளும், அது இயங்கப் பழைய இயங்குதளமும், அது ஏற்கும் பழைய கணினியும் வேண்டியிருந்தன. விண்டோஸ் எக்ஸ்பிக்கான பாதுகாப்பு இற்றைகள் 2014 ஏப்ரல் 8ஆம் நாளோடு நின்ற பின்னரும் சில அச்சகங்கள் அதனைக் கைவிடாதது சோம்பலால் அன்று. இணையத்திலிருந்து துண்டித்து மூலையில் வைத்த அக்கணினி ஒருவகையில் ஏட்டுப்பெட்டியே. விண்டோஸ் 7இன் ஆதரவு 2020 சனவரி 14இல், போகியன்று, முடிந்தது. நாள் குறித்தவர்களுக்குத் தமிழர் வழக்கம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இற்றைப்படுத்தாமல் இருப்பதற்கு அச்சமும் காரணமாயிற்று. 2018 அக்டோபர் 2ஆம் நாள் வெளியிடப்பட்ட விண்டோஸ் 10 இற்றை, சில பயனரின் ஆவணக் கோப்புறைகளிலிருந்த கோப்புகளை அழித்தது. மைக்ரோசாப்ட் நான்கு நாளில் அதனை நிறுத்திவைத்து, நவம்பரில் திருத்தி வெளியிட்டது. பாதிக்கப்பட்ட கணினிகளின் விகிதம் சிறிது. ஆனால் ஒரே படியை ஒரே கோப்புறையில் வைத்திருக்கும் ஆய்வாளருக்கு விகிதத்தால் ஆறுதல் இல்லை. 2024 சூலை 19இல் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு பழுதான இற்றையால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. இந்திய விமான நிலையங்கள் சிலவற்றில் பயணச்சீட்டைக் கையால் எழுதித் தந்தனர். அவ்விற்றை இயங்குதளத்தினுடையது அன்று எனினும், கணினியை நம்பிய அலுவல் அன்று எழுதுகோலுக்குத் திரும்பியது.

மாற்றுவழி தேடப்படாமல் இல்லை. எக்ஸ்பியின் முடிவை முன்னிட்டு 2014இல் தமிழ்நாட்டரசு தன் துறைகளை, சென்னை சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்சுக்கு மாறுமாறு அறிவுறுத்தியது. புதுச்சேரியிலும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தார் செயற்பட்டுவருகின்றனர். கட்டற்ற மென்பொருளும் மாறிக்கொண்டேதான் இருக்கிறது. வேறுபாடு, அம்மாற்றம் திறந்த வெளியில் நடக்கிறது என்பது. லிப்ரெ ஆபீஸ் 2017இல் வந்த 5.3ஆம் பதிப்பு முதல் எல்லா இயங்குதளங்களிலும் ஒரே எழுத்துக்கோப்பு நிரலைக் கையாள்கிறது. தேவையான எழுத்துருவும் உடனிருந்தால் தமிழ்ப் பக்கம் தளத்துக்குத் தளம் வேறுபடுவது இதனால் குறைந்தது.

இற்றையே வேண்டாம் என்னும் நிலைப்பாடும் சுவடியாய்வாளருக்கு ஒத்துவராது. புதுச்சேரிச் சுவடிகளுள் பெரும்பாலானவை எழுதப்பட்டுள்ள கிரந்தம், ஒருங்குறியில் தனியிடம் பெற்றது 2014இல். பின்னம், நில அளவை, தானிய அளவை, பணம் ஆகியவற்றுக்கான பழந்தமிழ்க் குறியீடுகள் 51, தமிழ்ப் பிற்சேர்க்கையாக 2019இல் சேர்ந்தன. பழைய இயங்குதளத்தில் இவையெல்லாம் வெறுங்கட்டங்களாகத் தெரியும். பழையதை விட்டால் அச்சகக் கோப்பு போகும், பழையதிலேயே நின்றால் கிரந்தம் வராது என்னும் இருதலைக்கொள்ளி நிலை இது. விண்டோஸ் 10இன் ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்ததும், விண்டோஸ் 11 புதிய வன்பொருளைக் கட்டாயமாகக் கேட்பதும் சிறு நூலகங்களை மீண்டும் இந்நிலையில் நிறுத்தியுள்ளன.

சுவடியின் படிமங்கள் இவ்வகையில் பெரிதும் தப்பின. ஒளிப்படத்துக்கு எழுத்துரு தேவையில்லை. இருபது ஆண்டுக்கு முற்பட்ட படக்கோப்பு இன்றும் திறக்கிறது. ஆனால் அதனுள் ஒரு சொல்லைத் தேட இயலாது. 2007ஆம் ஆண்டுத் தகடு தந்த சொல்லடைவின் பயன் எழுத்தாக இருக்கும் பனுவலிலேயே கிட்டும். இடரும் அங்கேயே உள்ளது.

பிற்குறிப்பு என்னும் மரபு

ஏடு எழுதி முடித்தவர் இறுதியில் ஆண்டு, திங்கள், தம் பெயர், எவருக்காக எழுதினார் என்பனவற்றைக் குறிப்பது வழக்கம். சுவடியின் காலத்தையும் வழியையும் அறியப் பதிப்பாசிரியர் முதலில் பார்ப்பது அதனையே. கணினிக் கோப்புகள் குறியேற்றம் விட்டுக் குறியேற்றம் மாறியபோது இக்குறிப்பு பெரும்பாலும் எழுதப்படவில்லை. எந்த எழுத்துருவிலிருந்து, எந்த மாற்றியால், எந்த ஆண்டில் மாற்றப்பட்டது என்னும் செய்தி இல்லாத ஒரு கோப்பில் ‘பெளவம்’ என்றிருந்தால், அது தட்டச்சிட்டவர் பிழையா நிரலின் பிழையா என்று கூற வழியில்லை. சொல்லடைவை ஆதாரமாகக் கொள்ளும் ஆய்வேடுகளில் பதிப்பின் பெயரோடு கோப்பின் இவ்வழிமுறையையும் குறிப்பது மேற்பார்வையாளர் கேட்டுப் பெற வேண்டிய ஒன்று.

இவ்வகையில் மதுரைத் திட்டத்தின் கோப்புகள் விதிவிலக்கு. அவற்றின் முகப்பில் தட்டச்சிட்டவர், மெய்ப்புப் பார்த்தவர், கோப்பாக்கியவர் பெயர்கள் உள்ளன. குறியேற்றமும் குறிக்கப்பட்டிருக்கும். தொடக்ககால ஒருங்குறிக் கோப்புகள் சிலவற்றில் மற்றொரு குறிப்பும் உண்டு: இதனைப் படிக்க லதா போன்றதோர் எழுத்துருவும், தமிழை முறையாகக் காட்ட வல்ல விண்டோஸ் 2000 அல்லது எக்ஸ்பி இயங்குதளமும் வேண்டும் என்பது அது. அவ்விரு இயங்குதளங்களும் இன்று வழக்கிழந்துவிட்டன. அக்குறிப்பு மட்டும் பனுவலின் தலைப்பில் இன்னும் நிற்கிறது.